பாங்கொக் அண்ணையும் மங்கலான கையும்

தாய்லாந்துத் தொலைக்காட்சியை யாழ்ப்பாணத் தமிழில் பார்த்த வீடு உலகத்திலேயே ஒன்றுதான். அது லண்டன் ஹவுன்ஸ்லோவில் நாங்கள் நாலைந்து பேர் வாடகைக்கு இருந்த வீடு. அதற்கு முழுப் பொறுப்பு பாங்கொக் அண்ணை.

அவருடைய சொந்தப் பெயர் வீட்டுக்கார மாமிக்கே மறந்துபோயிருந்தது. லண்டனுக்கு வருகிற வழியில், கள்ளமாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் அவரைப் பாங்கொக்கில் ஓர் அறையில் விட்டுவிட்டு மாயமானான். அங்கே கிடந்த காலமெல்லாம் டீவி பார்த்து அந்தப் பாஷையைக் கரைத்துக் குடித்துவிட்டதாக அண்ணை சொல்வார்.

ஞாயிறு முற்பகலில், விமான நிலைய ஷிப்ட் முடித்து வந்த நாங்களும் மாமியும் சோபாவில் நெருக்கியடித்து உட்காருவோம். ரிமோட் அண்ணையின் மடியில்; நாடகம் ஓட ஓட அவரே தமிழில் கதை சொல்வார். தமிழ்ச் சேனல் போடச் சொன்னால், "விளங்கிற நாடகத்தை ஏன் பாக்கிறியள்?" என்பார்.

அந்த ஊர்ச் சேனல்களில் சிகரெட்டையும் நீட்டிய துப்பாக்கியையும் மங்கலாக்கித்தான் காட்டுவார்கள். அது எங்களுக்குத் தெரியாது. ஒருநாள் மாமி கேட்டார், "உவன் கையில என்னத்தைத் தம்பி மறைக்கிறான்?"

அண்ணை யோசிக்கவே இல்லை. "கள்ளப் பாஸ்போட், மாமி. வேறென்னத்தை மறைப்பாங்கள்?"

அன்றிலிருந்து அது ஏஜென்சிக் கதையாகிவிட்டது. வில்லன் மங்கலை உதட்டில் வைத்தால், "விசா குத்தியாச்சு, கொஞ்சுறான்." கதாநாயகியின் நெற்றிக்கு நேரே நீட்டினால், "படத்தில இருக்கிறது அவள்தானோ எண்டு பாக்கிறான்." புகை வந்தபோதும் மனிதர் அசரவில்லை. "பிடிபடாமல் எரிக்கிறான்." அந்தக் கதாநாயகிப் பிள்ளை பத்திரமாக லண்டன் வந்து சேரவேண்டுமென்று மாமி பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தார்.

ஒரு ஞாயிறு, என்னோடு வேலைசெய்யும் நொய் மதியச் சாப்பாட்டுக்கு வந்தாள். பாங்கொக்கில் பிறந்து வளர்ந்தவள். தன் ஊர் நாடகம் ஓடுவதைக் கண்டு சந்தோஷமாக உட்கார்ந்துவிட்டாள். அண்ணையின் முகத்தில் ஈயாடவில்லை. மாமி அவரை அவ்வளவு நம்பியிருந்தார்.

வில்லன் மங்கலான கையோடு வந்தான். மாமி என் தோளில் தட்டினார். "அது பாஸ்போட் தானே எண்டு இந்தப் பிள்ளையிட்டக் கேள் தம்பி."

நான் ஆங்கிலத்தில் கேட்டேன். நொய் வாயைத் திறந்தாள்.

அப்போது மணி பன்னிரண்டு. பாங்கொக்கில் மாலை ஆறு, நாடகத்தை நிறுத்தித் தேசிய கீதம் போடும் நேரம். வழக்கம்போல அண்ணை எழும்பி விறைப்பாக நின்றார். நொய்யும் எழும்பினாள். மற்ற நாட்களில் முணுமுணுப்பவர் அன்றைக்கு வாய்விட்டு முழுதாகப் பாடினார்.

"உதை எங்க பழகினனீங்கள்?" என்றேன்.

"அங்க உந்தப் பாட்டுக்கு றோட்டில எல்லாரும் நிப்பினம். நான் தெரியாமல் நடக்க, பொலிஸ்காரன் திரும்பிப் பாத்திட்டான். அண்டைக்கே பாடமாக்கத் தொடங்கினன். நிண்டு பாடுறவனிட்ட ஆர் விசா கேப்பான்?"

நொய்க்கு அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் அண்ணையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, வேலையிடத்தில் எங்களிடம் பழகிய ஒரே தமிழ்ச் சொல்லால் மாமிக்கு ஆமாம் சொன்னாள்.

"ஓம். பாஸ்போட்."

மாமி கையெடுத்துக் கும்பிட்டார். அண்ணை மூக்கைச் சிந்தினார். சமையலறையில் வைத்து நொய் என் காதில், "அது சிகரெட்," என்றாள். நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அண்ணை இப்போது லண்டனின் மறுகோடியில், குட்மேய்ஸில் மகளோடு இருக்கிறார். ஞாயிறுகளில் நான் தனியே அந்தச் சேனலைப் போடுகிறேன். ஒரு சொல்லும் விளங்குவதில்லை. பன்னிரண்டு மணிக்குப் பாட்டு வந்தால் எழும்பி நிற்கிறேன். மனம் அந்த மனிதரைத் தேடுகிறது.