மூலைக் கம்ப்யூட்டரில் ஒரு திருடன்

"போச்சு! மறுபடியும் போச்சு!"

பத்து மணியிலிருந்து இது நான்காவது தடவை. வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, ஆபீஸ் மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டருக்குள் அவள் நுழைவாள். கோப்பைத் திறப்பதற்குள் திரையில் ஏதோ ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும். அதோடு இணைப்பு அறுந்துவிடும்.

எந்த அறிக்கையானாலும் அவள் தலையில்தான் விழும் என்பதால் ஆபீஸ் முழுக்க அவளுக்கு ரிப்போர்ட் மேடம் என்றுதான் பெயர். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்டு மேனேஜரிடம் ஆறு மாதம் நடையாய் நடந்திருந்தாள். பன்னிரண்டரைக்குப் பள்ளி விட்டு வரும் மகள், பக்கத்து வீட்டுப் படியில் பையோடு உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே அவளுக்கு ஆபீஸில் வேலை ஓடாது. இரண்டு நாளாவது தானே கதவைத் திறக்கவேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

"ஆபீஸ்னா ஆபீஸுக்கு வரணும். நான் வரலையா?" என்பார் மேனேஜர். கடைசியில் மனமிரங்கி ஒரே ஒரு நாள் வெள்ளோட்டத்துக்குச் சம்மதித்தார். பன்னிரண்டு மணிக்குள் அறிக்கை அவர் கைக்கு வந்தால் அனுமதி. வராவிட்டால் இனி இந்தப் பேச்சே எடுக்கக்கூடாது.

வெள்ளோட்டம் இன்றைக்குத்தான்.

முதல் வைத்தியமாக வைஃபை பெட்டியை அணைத்துப் போட்டாள். அன்று மட்டும் வீட்டிலிருந்து வீடியோ மீட்டிங்கில் உட்கார்ந்திருந்த கணவன் உள்ளறையிலிருந்து பாய்ந்து வந்தான்.

"என்ன பண்ணின? எங்க டைரக்டர் வாயைத் திறந்தபடியே உறைஞ்சு போயிட்டாரு!"

"கொஞ்ச நேரம் உறையட்டும். இங்க என் மானம் போகுது."

அடுத்து, ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குப் போன் போட்டாள். எதற்கெடுத்தாலும் ஒரே மருந்து சொல்வதால் அவனுக்கு ரீஸ்டார்ட் என்று பெயர். அன்று பார்த்துக் கிளை அலுவலகத்துக்குப் போயிருந்தான்.

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா மேடம்?"

"என்னையேதான் பண்ணணும் போல. வேற கம்ப்யூட்டர் கொடேன்."

"வெளியிலருந்து நுழையற வசதி அது ஒண்ணுலதான் இருக்கு. நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே யாரோ போட்டு வச்சது. பாஸ்வேர்டுகூட கீபோர்டுக்கு அடியில ஒரு சீட்டுல இருந்துச்சு. அதைத்தான் உங்களுக்குக் கொடுத்தேன். யாரையாவது விட்டு அணைச்சுப் போடச் சொல்லுங்க."

ஆபீஸில் டீ கொடுப்பது, தபால் பிரிப்பது எல்லாம் ஒரு அக்காதான். அவளைக் கூப்பிட்டாள்.

"அக்கா, அந்த மூலைக் கம்ப்யூட்டரை அணைச்சுப் போடுங்க. மேனேஜர் காதுல விழவேண்டாம்."

"அவர் காதுல எங்கம்மா விழப் போகுது? ரூம்ல லைட் எரியுது, ஃபேன் ஓடுது, கதவு சாத்தியிருக்கு."

ஐந்து நிமிஷத்தில் அக்காவே திரும்பக் கூப்பிட்டாள். "என்னமோ இருபத்தஞ்சு சதவீதம்னு சுத்துதும்மா. அணைக்காதேன்னு வேற எழுதியிருக்கு."

அது நூறைத் தொடுவதற்குள் முக்கால் மணி நேரம் பறந்துவிட்டது. ரிப்போர்ட் மேடம் உள்ளே நுழைந்தாள். உடனே வெளியே வந்து விழுந்தாள். ரீஸ்டார்ட்டை மறுபடி பிடித்தாள்.

"அந்தப் பெட்டியில என்ன எழுதியிருக்கு மேடம்?"

"அதையெல்லாம் யாரு படிக்கிறா? வந்ததும் மூடிடுவேன்."

"ஒரு தடவை படிங்களேன்."

படித்தாள். குரல் உள்ளே போய்விட்டது. "வேற யாரோ இதுக்குள்ள வந்திருக்கிறதால என்னை வெளிய அனுப்பிட்டாங்களாம்."

"ஐயோ, திருடன் மேடம்! உடனே உள்ள போங்க!"

போனாள். திரை முழுக்கச் சீட்டுக்கட்டு பரப்பியிருந்தது.

"டேய், அவன் தனியா உக்காந்து சீட்டாடிட்டிருக்கான்!"

"எப்படி ஆடுறான்?"

"கேவலமா ஆடுறான். கறுப்புப் பத்து மேல சிவப்பு ஒன்பதை வைக்கக்கூடத் தெரியல."

"அவன் திரும்பி வர்றதுக்குள்ள பாஸ்வேர்டை மாத்துங்க மேடம்! நான் அக்காகிட்ட சொல்லி அந்தப் பழைய சீட்டைக் கிழிக்கச் சொல்றேன்."

மாற்றினாள். அப்புறம் யாரும் துரத்தவில்லை. பேய் பிடித்தவள் மாதிரி தட்டித் தள்ளி, பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு அறிக்கையை, ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டுமே திறக்கும் மேனேஜரின் மெயிலுக்கு அனுப்பினாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிச் சோம்பல் முறித்தாள்.

பன்னிரண்டே காலுக்கு மேனேஜர் கூப்பிட்டார். "ரிப்போர்ட் எங்க?"

"அப்பவே அனுப்பிட்டேன் சார்."

"எனக்கு வரலையே! காலையிலருந்து கம்ப்யூட்டர் என்னைப் படுத்துற பாடு கொஞ்சநஞ்சமில்ல. இப்ப மெயிலையே திறக்கவிடமாட்டேங்குது."

பின்னால் கிரைண்டர் மாதிரி எதுவோ கடகடவென்று ஓடியது.

"என்ன சார் சத்தம்?"

"ஏசி, பழைய ஏசி. இதோ பாருங்க, பன்னிரண்டுக்குள்ள என் கைக்கு வரல. ஆபீஸ்ல உக்காந்திருக்கிற எனக்கே இந்தக் கதின்னா, வீட்லருந்து நீங்க என்னத்தைக் கிழிக்கப் போறீங்க? நாளையிலருந்து வழக்கம்போல வந்துடுங்க."

வைத்துவிட்டார். அவள் மடிக்கணினியை மூடினாள்.

வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தாள். "அம்மா, நீயா!" என்று மகள் பையோடு பாய்ந்து கட்டிக்கொண்டாள். முதல் தடவையும் கடைசித் தடவையும் இதுதான் என்று நினைத்ததும் ரிப்போர்ட் மேடத்துக்கு அழுகை வந்துவிட்டது.

போன் அடித்தது. ஆபீஸ் அக்கா.

"ஏம்மா, மேனேஜர் அவர் வீட்லருந்து கூப்பிட்டாரு. அந்த மூலைக் கம்ப்யூட்டர் அவரை உள்ள விடமாட்டேங்குதாம், கீபோர்டுக்கு அடியில புதுச் சீட்டு ஏதாவது இருக்கான்னு பாக்கச் சொல்றாரு, என்ன சொல்லட்டும்?"