மெட்டு இல்லாத கித்தார்

நான் பொய் சொல்லிப் பிழைக்கிறவன் இல்லை. மூக்குக் கண்ணாடிக் கடையில் வில்லை தேய்த்துப் பிழைக்கிறவன். ஆனாலும் போன வருடம் மூன்று வாரம் முழுக்க ஒரே பொய்யை வீட்டுக்குள் வைத்து வளர்த்தேன். இப்போது நினைத்தாலும் காது மடல் சுடுகிறது. இருந்தாலும் நானே சொல்லிவிடுகிறேன். என் மனைவி சொன்னால் இன்னும் நன்றாகச் சொல்லிவிடுவாள். அதுதான் பயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன்.

"நான் ஒரு கித்தார் செய்யப் போறேன். என் கையால."

என் மனைவிக்குத் தபால் நிலையத்தில் பார்சல் பிரிவில் வேலை. யார் எதை நீட்டினாலும் உள்ளே என்ன என்று கேட்காமல் வாங்கமாட்டாள்.

"என்ன கித்தார்?"

"பேஸ் கித்தார்."

"பேசுமா?"

"பேசும்."

"நல்லதாப் போச்சு. நான் பேசினா இந்த வீட்ல யாரும் கேக்கறதில்ல. அதுகூடப் பேசிக்கறேன்."

"சாதாரண பேஸ் இல்ல. மெட்டு இல்லாதது."

"மெட்டு இல்லாம எப்படிங்க பாட்டு வாசிப்பீங்க?"

"அந்த மெட்டு இல்ல. வீணையில குறுக்கே வரிசையா இருக்குமே, அந்த மெட்டு. இதுல அது கிடையாது. கழுத்து வழுவழுன்னு இருக்கும். விரல் எங்க நிக்கணும்னு காதுதான் சொல்லணும்."

"யார் காது?"

"என் காது."

அவள் என் காதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "நேத்து தொட்டி நிரம்பி வழிஞ்சப்போ நாலு தடவ கூப்பிட்டேன். அந்தக் காதா?"

நான் பேச்சை மாற்றினேன். "நீளம் முப்பத்து நாலு அங்குலம்."

"உங்க இடுப்பையா சொல்றீங்க? அது கல்யாணத்தப்போ."

இவ்வளவு கேட்டும் நான் பின்வாங்கவில்லை. காரணம் என் மச்சான். என் மனைவியின் அண்ணன். மேடைக் கச்சேரிகளில் பேஸ் வாசிக்கிறவர். குடும்பத்தில் நாலு பேர் கூடினால் அவரைச் சுற்றித்தான் கூட்டம். என்னிடம் வருகிறவர்கள் கண்ணாடியைக் கழற்றி, "காது கிட்ட உறுத்துது, கொஞ்சம் பாருங்களேன்" என்பார்கள். வாங்கிய கித்தாரை வாசிக்கிறவருக்கே இவ்வளவு மரியாதை என்றால், கித்தாரையே செய்து வாசிக்கிறவனுக்கு?

துணி துவைக்கிற அறை பட்டறையானது. இஸ்திரி மேசை என் வேலை மேசையானது. மூன்று மாதம் எங்கள் துணியெல்லாம் சுருக்கத்தோடும் மரத்தூளோடும் வெளியே போய் வந்தது.

உடல் பாகம் ஒழுங்காகத்தான் வந்தது. ஒரு பக்கம் பூசணிக்காய் போலத் தெரிந்தது. மற்றப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன். கழுத்தில்தான் வினை. நாலு கம்பியின் இழுப்பைத் தாங்குவதற்குக் கழுத்துக்குள்ளே ஓர் இரும்புத் தண்டு பதிக்க வேண்டும். வாங்கி வைத்திருந்தேன். கழுத்தின்மேல் விரல் வைக்கிற பலகையைப் பசை போட்டு ஒட்டி, இறுக்கி, கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், தண்டு மேசைமேல் படுத்திருக்கிறது.

ஒரு துண்டு இரும்பில் என்ன வந்துவிடப் போகிறது என்று கம்பியைக் கட்டினேன். முதல் நாள் நன்றாகவே அதிர்ந்தது. எனக்குத் தெரிந்த ஒரே தாலாட்டை வாசித்தேன். சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"கொஞ்சம் மேல போங்க."

விரலை நகர்த்தினேன்.

"இன்னும் ஒரு நூல். ரொம்பப் போயிட்டீங்க. இறங்குங்க. ம்ஹூம்."

கடைசியில் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அவளே வந்தாள். என் விரலை ஒதுக்கிவிட்டுத் தன் விரலை வைத்தாள். தட்டியதும் அறை முழுவதும் தேன் மாதிரி ஒரு சத்தம். அவள் முகமும் அப்படித்தான் ஆனது. அதை நான் கவனித்தேன். கவனித்துவிட்டு, "தொடாத, இன்னும் பாலிஷ் காயல" என்றேன். செய்ததிலேயே பெரிய கேவலம் அதுதான்.

மூன்றாம் நாள் கழுத்து வில்லாக வளைந்துவிட்டது. அன்று சாயங்காலம் டீ ஆறுவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

"என்னங்க, முகமே சரியில்ல?"

"கழுத்து கோணிடுச்சு" என்றேன்.

அடுத்த நிமிடம் தைலப் பாட்டிலோடு வந்துவிட்டாள். சட்டையைக் கழற்றச் சொல்லி, குப்புறப் படுக்க வைத்து, அரை மணி நேரம் தேய்த்தாள். "மூணு மாசமா குனிஞ்சு குனிஞ்சு வேல பாத்தா என்ன ஆகும்?" என்று புலம்பினாள். என் கழுத்து இல்லை, கித்தாரின் கழுத்து என்று சொல்ல வாயெடுத்தேன். தைலம் இதமாக இருந்தது. சொல்லவில்லை.

மறுநாள் கோணல் கழுத்தைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு நாற்காலிக்காரரிடம் போனேன். இரண்டு வீடு தள்ளி உடைந்த நாற்காலி பழுது பார்க்கிறவர். முன்பு வாத்தியக் கடைக்கு வேலை செய்தவர். பிரித்துப் பார்த்தார்.

"யார் செஞ்சது?"

"தெரிஞ்சவர் ஒருத்தர்."

"அவர் வேற வேல ஏதும் பாக்கறாரா?"

"பாக்கறார்."

"அதையே பாக்கச் சொல்லுங்க."

புதுக் கழுத்து செய்து தருவதாக ஒப்புக்கொண்டார். "விஷயம் வெளிய தெரியக் கூடாது" என்றேன்.

"நானாப் போய்ச் சொல்லமாட்டேன். கேட்டாங்கன்னா பொய் சொல்லவும் மாட்டேன். வாசிக்கறவங்க கை அளவு வேணுமே?"

தெருமுனையில் என் மனைவி வருவது தெரிந்தது. "எல்லாம் நீங்களே பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுக் கடைக்கு ஓடிவிட்டேன்.

கழுத்து வந்தது. கண்ணாடி மாதிரி. நானே பொருத்தினேன், அதாவது நாலு திருகாணி முடுக்கினேன். என் விரலுக்கு மட்டும் ஏனோ சிறியதாக இருந்தது. ஒரு கம்பியை அழுத்தினால் பக்கத்துக் கம்பியும் கத்தியது. பழகினால் சரியாகும் என்று நினைத்துக்கொண்டேன். மனைவி தடவிப் பார்த்தாள்.

"இதையும் நீங்களே செஞ்சீங்களா?"

"பின்ன?"

"உங்க கைக்கு இவ்வளவு வித்தை தெரியும்னு இத்தன வருஷமா எனக்குத் தெரியாமப் போச்சே" என்றாள். அன்றிலிருந்து அவள் பாராட்டாத நாள் இல்லை. எதிர்வீட்டில் சொன்னாள். தபால் நிலையத்தில் சொன்னாள். ஒவ்வொரு பாராட்டும் சட்டைக்குள் எறும்பு விட்ட மாதிரி இருந்தது.

மூன்றாவது வாரம் மச்சானையே சாப்பிட அழைத்துவிட்டாள். அவர் கித்தாரை மடியில் வைத்துக் கழுத்தை ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"மாப்ளே, எப்படி இவ்வளவு நேரா இழைச்சீங்க?"

"பொறுமையா" என்றேன்.

"தண்டு எப்படிப் பதிச்சீங்க?"

"மறக்காம."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து என்னைக் கட்டிக்கொண்டார். "என் தங்கச்சி குடுத்து வெச்சவ" என்றார். தோளில் முகம் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கு நிலம் பிளந்தால் தேவலை போல இருந்தது.

அவர் போன பிறகு சமையலறை வாசலில் போய் நின்றேன். அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். தண்டு, கோணல், தைலம், செய்தித்தாள் எல்லாம். "உன்னத் தொடாதன்னு சொன்னேனே, அதுதான் மனச அறுக்குது" என்றேன்.

அவள் குழாயை மூடினாள்.

"அந்த ஒண்ண நீங்களா சொல்லுவீங்கன்னுதான் மூணு வாரமாக் காத்திருந்தேன்."

"அப்ப மத்ததெல்லாம்?"

"நாற்காலிக்காரர் அன்னைக்கே வந்துட்டார். 'வாசிக்கறவங்க கை அளவு வேணும்மா, உங்க வீட்டுக்காரர் குடுக்காம ஓடிட்டார்'ன்னார்."

"நீ என்ன செஞ்சே?"

"என் கைய நீட்டினேன்."

என் விரலுக்குக் கழுத்து ஏன் போதவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு வேலை முடிந்து வருகிறவள், நான் கடையிலிருந்து திரும்பும் வரை தினமும் வாசித்திருக்கிறாள். சொல்லிக் கொடுத்தது மச்சான்.

"மச்சானுக்கும் தெரியுமா! அப்ப அவர் அழுதது?"

"அழலீங்க. சிரிப்ப அடக்கினார்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கித்தாரை எடுத்து வந்தாள். என் தாலாட்டையே வாசித்தாள். எந்த விரலும் தடுமாறவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு வாசித்ததைப் பார்க்க எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. வெட்கம்தான் அதிகம்.

"அண்ணன் குழுவுல பேஸுக்கு இன்னொரு ஆள் வேணுமாம். சனிக்கிழமையிலேர்ந்து நான் போறேன்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பாவமாக இருந்திருக்க வேண்டும். "நீங்களும் வாங்களேன்."

மனம் குளிர்ந்துவிட்டது. எத்தனை பெரிய மனசு! மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டேன்.

"வாசிக்கவா?"

"தூக்க."