ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தம்ரூட்

திருத்துறைப்பூண்டியில் உரக்கடை வைத்திருக்கும் சகாயநாதனுக்கு ஊசி என்றால் உயிரே போய்விடும். டாக்டரோ கறாராகச் சொல்லிவிட்டார். "சாப்பிட்டதும் இருபது நிமிஷம் வேகமா நடங்க. கால் வேலை செஞ்சா ரத்தத்துல ஏறுற சர்க்கரையை அதுவே இழுத்துக்கும். ஒரு மாசத்துல இறங்கலைன்னா இன்சுலின் ஊசிதான்."

வீட்டுக்கு வந்ததும் மனுஷன் சபதமே போட்டார்.

"சாப்பிட்டா படுக்கணும் விண்ணரசி. நடக்கறதுக்கா சோறு திங்கிறோம்?"

"சரிங்க, நடக்க வேணாம்" என்றாள் மனைவி. "ஆனா பஜார்ல அத்தனை ஸ்வீட் கடையிலயும் சொல்லிட்டேன். உங்களுக்கு ஒரு துண்டு குடுத்தாலும் நான் வந்து நிப்பேன்னு."

"அத்தனை கடையிலயுமா?"

"ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் அப்சர் கடை ஒண்ணுதான் பாக்கி. இந்த வெயில்ல அவ்வளவு தூரம் யாரு போவா?"

அடடா, வாயை விட்டுட்டாளே!

மறுநாள் மத்தியானச் சாப்பாடு முடிந்து அவள் கண்ணயர்ந்ததும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு கிளம்பினார். ஸ்கூட்டரை எடுத்தால் சத்தத்துக்கு முழித்துக்கொள்வாள். எழுவதற்குள் திரும்பவும் வேண்டும். ஓட்டமும் நடையுமாய்ப் போய்ச் சேர்ந்தால், அப்சர் நீட்டிய தம்ரூட், நெய் சொட்டும் அந்த ரவை அல்வாத் துண்டு, கட்டைவிரல் அளவுகூட இல்லை.

"இவ்வளவுதாண்ணே மிஞ்சிச்சு."

ஒரு மாசமும் தினம் அவ்வளவுதான் மிஞ்சியது. நம்மாளுக்குச் சந்தேகமே வரவில்லை. திருட்டுத் தீனியின் ருசி அப்படி.

பரிசோதனை நாளும் வந்தது. தின்ற தம்ரூட்டையெல்லாம் மனசுக்குள் கூட்டிப் பார்த்துக்கொண்டே டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"இருநூத்தி அறுபது இருந்தது நூத்தி எழுபதுக்கு வந்துடுச்சே!" என்றார் டாக்டர். "தவறாம நடக்கறீங்க போல. ஊசி வேணாம். இன்னும் ஒரு இருபது இறங்கட்டும்."

"மாதாவே!" என்று விண்ணரசி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சகாயநாதனுக்கு மனசு கேட்கவில்லை. இப்படி உருகுறவளைப் போய் ஏமாத்திட்டோமே! திரும்பி வரும்போது ஆட்டோவிலேயே ஆரம்பித்தார்.

"விண்ணரசி, உன்கிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும்..."

"அப்புறம் சொல்லுங்க. தம்பி, ஆட்டோவை இங்க நிறுத்து."

நின்ற இடம் அப்சர் கடை வாசல். பார்த்ததும் மனுஷன் ஆட்டோவுக்குள்ளேயே தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னக்கா, எவ்வளவு இறங்கிச்சு?" என்று உள்ளேயிருந்து ஆவலாகக் கேட்டான் அப்சர்.

"தொண்ணூறு தம்பி! எல்லாம் நீ அளவு மாறாம குடுத்த புண்ணியம். நாளையிலேருந்து அண்ணன் வந்தா தம்ரூட் இங்க இல்லைன்னு சொல்லி, இன்னும் தள்ளி முள்ளியாத்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம் உங்க மச்சான் கடைக்கு அனுப்பிடு. இன்னும் இருபது பாக்கி இருக்கு."