அண்ணை நடித்த பரீட்சை

பரீட்சை எழுதுகிறவர்களுக்குத்தான் கைகால் நடுங்கும் என்று நினைப்பவர்கள், ஒரு பரீட்சையைத் தயாரித்துப் பார்த்ததில்லை.

எங்கள் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில், சுவாசச் சிகிச்சைக்கென்று உயர்நிலைத் தாதியரைத் தெரிவுசெய்ய ஒரு செயல்முறைப் பரீட்சை தேவைப்பட்டது. அதை உருவாக்கும் பொறுப்பு அங்கே மூத்த தாதியான எனக்கு வந்தது. (அதைத் தீர்மானித்த கூட்டத்துக்கு வேறு ஒருவரும் போகவில்லை, அதுதான் என் தகுதி.) வென்ரிலேற்றர் என்ற மூச்சு இயந்திரத்தைச் சரிசெய்வது, சளி உறிஞ்சுவது எல்லாவற்றுக்கும் புள்ளி பிரித்து வைத்தேன். கடைசிக் கட்டத்தில், 'இன்றைக்கு வென்ரிலேற்றர் குழாயைக் கழற்ற முடியாது' என்று நோயாளியின் உறவினருக்குப் பக்குவமாகச் சொல்ல வேண்டும். உறவினராக நடிக்கவிருந்த எங்கள் அலுவலக எழுதுவினைஞர் காய்ச்சலில் படுத்துவிட்டார்.

வீட்டில் இதைக் கேட்டதும், "நான் வாறன்," என்றார் மனைவியை இழந்த என் அண்ணை. இளமையில் ஊர் நாடகங்களில் ராசா வேசம் கட்டியவர்.

"மச்சாள் போய் ஒரு வருசம்கூட ஆகேல்லை. அவ கிடந்த அதே இடம். உங்களுக்கு ஏன் உந்த வேலை?"

"வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறதுக்கு இது பரவாயில்லை."

நானும் தலையாட்டினேன்.

மேற்பார்வைக்குக் கொழும்பிலிருந்து ஒரு டொக்டர் வந்திருந்தார். பரீட்சைக்கு முதலில் வந்த தாதி, குருநகர்ப் பிள்ளை யூடிற். அண்ணைக்கு நான் எழுதிக் கொடுத்த வசனம், "எப்ப குழாய் கழட்டுவியள்?" என்பது. அண்ணை அதைச் சொல்லவில்லை. நோயாளிக்குப் பதிலாகக் கட்டிலில் கிடந்த ரப்பர் பொம்மையின் காலைப் போர்வையால் மூடிவிட்டு நிமிர்ந்தார்.

"பிள்ளை, நான் கதைக்கிறது இவவுக்குக் கேக்குமே?"

என் புள்ளித்தாளில் அதற்கு இடமில்லை.

யூடிற் அவர் உட்கார ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். "கேக்கலாம், ஐயா. கையைப் பிடிச்சுக்கொண்டு கதையுங்கோ."

அண்ணை பொம்மையின் கையைப் பிடித்தார்.

எனக்கு முதலில் விக்கல்போல் ஏதோ வந்தது. பிறகு மூச்சு முட்டியது. பிறகு கப்பல் சங்கு ஊதியதுபோல் ஓர் அழுகை. யூடிற் கெட்டிக்காரி. நானும் பரீட்சையில் ஒரு பகுதிதான் என்று முடிவுகட்டி, என்னைப் பிடித்து இருத்தி, முகத்தில் ஒட்சிசன் மாஸ்கை மாட்டினாள்.

"மெல்ல இழுங்கோ, மிஸ். மெல்ல விடுங்கோ."

கொழும்பு டொக்டர் கைதட்டினார். "ரெண்டு பேரும் அருமையான நடிப்பு!" (மாஸ்குக்குள் இருந்துகொண்டு எப்படி மறுப்பது?)

யூடிற் பரீட்சையில் சித்தியடைந்தாள். அண்ணையின் கேள்வி இப்போது பரீட்சையில் இருக்கிறது, புள்ளியோடு.

திரும்பும்போது பலாலி வீதி பஸ்ஸில் அண்ணை மெதுவாகக் கேட்டார். "அந்தப் பிள்ளை சொன்னது உண்மையே?"

"ஓம், அண்ணை. மச்சாளுக்குக் கேட்டிருக்கும்."

"நான் கடைசியா அந்தக் கட்டிலடியிலை அவவிட்டை என்ன கேட்டனான் தெரியுமே? 'அலுமாரியைப் பூட்டின திறப்பை எங்கையப்பா வைச்சனீர்?' எண்டு."

யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. கையைப் பிடித்தேன். பார்த்தால், கண்ணீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஒரு திறப்புக் காணாமல் போனால், "மச்சாளிட்டைத்தான் கேக்க வேணும்," என்று யாராவது சொல்வோம். முதலில் அண்ணை சிரிக்க வேண்டும். அதுவரை நாங்கள் ஒருவரும் சிரிப்பதில்லை.