வாயில் மிட்டாய், மேசையில் பை

இந்த வருடம் ஊர்க்கூட்டத்தில் வாயைத் திறப்பதில்லை என்று சபதம் எடுத்தேன். இருமக்கூடாது. கையைத் தூக்கக்கூடாது. தலையை ஆட்டக்கூடாது. மூக்கு அரித்தால் அரிக்கட்டும்.

போகாமலே இருந்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் வெர்மான்ட்டில் இருந்ததில்லை. மார்ச் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை எங்கள் ஸ்டார்க்வெல் ஊரே பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் கூடும். வரியிலிருந்து நாய் வரை எல்லாவற்றையும் அங்கேயே தீர்மானிக்கும். பதவிகளுக்கும் அங்கேயே ஆள் பிடிக்கும். வராதவனைத்தான் முதலில் பிடிக்கும். ஒரு வருடம் என் அப்பா, கன்று போடப்போகும் பசுவை விட்டு வர மனமில்லாமல் தொழுவத்திலேயே இருந்துவிட்டார். மாலையில் முட்டை வாங்க வந்தவர்தான் அவருக்கு வாழ்த்துச் சொன்னார். வேலித் தகராறு தீர்க்கும் அதிகாரியாக அப்பாவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். சாகும்வரை அந்த வேலியை அவரால் தாண்ட முடியவில்லை.

சரி, போனால் தப்பித்தோமா என்றால் அதுவும் இல்லை. கூம்ப்ஸ் பெரியவர் தொப்பியைக் கழற்றத்தான் கையைத் தூக்கினார். விறகு அளக்கும் அதிகாரி ஆனார்.

ஆகவே போகவும் வேண்டும். போகாதவன்போல் இருக்கவும் வேண்டும்.

இந்த முறை காலியாக இருந்த பதவி லிஸ்டர். வீடு வீடாகப் போய், இந்த வீடு இன்ன விலை பெறும் என்று குறிப்பவர். அந்த விலையை வைத்துத்தான் வரி போடுவார்கள். எங்கள் ஊரில் கடித்த நாயை மன்னிப்பார்கள். லிஸ்டரை மன்னிக்க மாட்டார்கள். கடைசியாக இருந்த வெண்டெல் உணவுக்கடைக்குள் வந்தால் அவர் உட்காரும் மேசை காலியாகிவிடும். புது ஜன்னல் வைத்தவர்கள் அவர் வண்டியைக் கண்டால் திரையை இழுத்து மூடுவார்கள். ஒருநாள் அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஃப்ளோரிடாவுக்குப் போய்விட்டார். வெயிலுக்காகப் போகிறேன் என்றார். எங்கள் ஊரிலேயே வெயில் கொளுத்தும் ஜூலை மாதத்தில்.

எனக்கு அந்தக் கதி வரக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் காலையில் கைகாட்ட மறந்தால், நான் என்ன தப்புச் செய்தேன் என்று மத்தியானம்வரை யோசிக்கிறவன் நான். லிஸ்டரின் பதவிக்காலமான மூன்று வருடமும் ஊரே முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன ஆவேன்?

ஆனால் என் தலையில் ஓர் எழுத்து இருந்தது. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதுவும் அரசாங்க வரவுசெலவுப் படிப்பு. தீவனக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதிப் பிழைக்கிறேன். ஊரில் எது சிக்கலானாலும், "படிச்ச பையன் ஒருத்தன் இருக்கானே" என்று எல்லாரும் என் பக்கம் திரும்புவார்கள்.

ஊரையாவது சமாளிக்கலாம். பெரிய ஆபத்து வீட்டுக்குள் இருந்தது. என் மனைவி டெல்ஃபீன் ஊர் மன்றத்தின் தலைவி. செலவைக் குறைப்பேன் என்று சொல்லி ஜெயித்தவள். லிஸ்டர் கிடைக்காவிட்டால் வெளியூர்க் கம்பெனியை அமர்த்தச் சொல்லி மாநில அரசு உத்தரவு போட்டிருந்தது. அந்தச் செலவு வரியில் ஏறும். வரி ஏறினால் டெல்ஃபீன் இறங்கவேண்டியதுதான்.

ஒருநாள் காலை அப்பம் சுட்டுப் போட்டுக்கொண்டே ஆரம்பித்தாள்.

"ஆல்டன், லிஸ்டர் வேலைக்கு யாரைப் போடலாம்னு உனக்குத் தோணுது?"

"எனக்கு ஒண்ணும் தோணல."

"உனக்கா? தூக்கத்துலகூட மாநில பட்ஜெட்டைப் பத்திப் புலம்புறவன் நீ."

"அது தூக்கத்துல. முழிச்சிருக்கும்போது எனக்கு ஒண்ணும் தெரியாது."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து அதைத்தான் நானும் சொல்றேன்."

"பேச்சை மாத்தாதே. என்னைக் கோத்துவிடப் பாக்கறியா?"

"ஏம்ப்பா இப்படிப் பயப்படறே? உன் பேரை நான் சொல்லவே மாட்டேன். போதுமா?"

"சத்தியம் பண்ணு."

"எங்கம்மாமேல சத்தியமா உன் பேர் என் வாயில வராது. பாகு ஊத்திக்கோ."

டெல்ஃபீனின் குடும்பம் கியூபெக்கிலிருந்து வந்தது. அவள் அம்மாமேல் சத்தியம் செய்தால் அந்த அம்மாவே வந்து கெஞ்சினாலும் மீறமாட்டாள். நான் நிம்மதியாகப் பாகு ஊற்றிக்கொண்டேன்.

அந்த நாட்களில் அவள் தினமும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் ஏதோ முணுமுணுப்பாள். நடுவில் தொண்டை அடைத்ததுபோல் ஒரு சத்தம் வரும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். கூட்டத்தில் பேசப் பயந்து அழுகிறாள் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கே அவளைத் தேற்றவேண்டும் என்று தோன்றியது.

இருந்தாலும் நான் என் ஏற்பாட்டைச் செய்தேன். பக்கத்து வீட்டு ராய்ஸைப் பிடித்தேன்.

"ராய்ஸ் அண்ணே, கூட்டத்துல என் பக்கத்துல உக்காருங்க. நான் வாயைத் திறந்தா தொடையில கிள்ளுங்க."

"எவ்வளவு பலமா?"

"எழுந்திருக்க முடியாத அளவுக்கு."

"இதுக்காக நாலு வருஷமா காத்திருக்கேன்டா தம்பி."

மேப்பிள் மரத்துப் பாகை இறுகக் காய்ச்சின மிட்டாய் ஒரு பொட்டலம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அதை வாயில் போட்டால் மேல்தாடையும் கீழ்த்தாடையும் சம்பந்திகள் ஆகிவிடும். பேசுவது நடக்காத காரியம்.

செவ்வாய்க்கிழமை. அரங்கு முழுக்க ஈர பூட்ஸ் வாடை. பின்வரிசையில் பெண்கள் கம்பளி பின்னிக்கொண்டே எல்லாவற்றையும் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். நான் ராய்ஸுக்கும் கூம்ப்ஸ் பெரியவருக்கும் நடுவில் புதைந்துகொண்டேன். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்தேன். வாயில் மிட்டாய்.

சாலைக்குச் சரளை வாங்கும் தீர்மானம் வந்தது. அமைதியாக இருந்தேன். நூலகக் கூரை வந்தது. கூட்டல் தப்பாக வாசித்தார்கள். வியர்த்தது. அமைதியாக இருந்தேன். ராய்ஸ் ஏமாற்றத்துடன் விரல்களை நீவிக்கொண்டார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் கடைசியாக லிஸ்டர் பதவி. கூட்டத்தை நடத்தும் ஆரின் பிக்ஃபோர்ட் மரச்சுத்தியலைத் தட்டினார்.

"யாராவது பேரை முன்மொழியறீங்களா?"

எல்லாரும் அவரவர் பூட்ஸைப் பார்த்தார்கள். கம்பளி ஊசிகள் நின்றன. ஆரினின் பார்வை வரிசை வரிசையாக வந்தது. என் வரிசைக்கு வந்தது. நின்றது. என் காது சூடாகியது. பிறகு நகர்ந்தது.

"சரி, மன்றத் தலைவி இதைப்பத்தி ரெண்டு வார்த்தை பேசுவாங்க."

டெல்ஃபீன் எழுந்தாள். முகம் கல்லாக இருந்தது. அவள் முன்னால், மேசையில், அவளே சுட்ட மேப்பிள் பை ஒன்று இருந்தது. எங்கள் ஊரில் பை என்றால் தின்பது, தூக்கிப் போவது இல்லை. பக்கத்தில் ஒரு கத்தி.

"விஷயம் சுலபம்தான்," என்றாள். "புதுசா மதிப்புப் போட்டா எல்லார் வீட்டு விலையும் ரெண்டு மடங்கு ஆகும். அதனால எல்லார் வரியும் ரெண்டு மடங்கு ஆகும். கணக்கு அவ்வளவுதான்."

அரங்கு முனகியது.

தப்பு. முழுத் தப்பு. எங்கள் வகுப்பில் முதல் வாரமே அடித்துத் திருத்தும் தப்பு. மன்றத் தலைவி ஊர் முன்னால் சொல்கிறாள். ஊர் நம்புகிறது. நம்பினால் மதிப்பீடே வேண்டாம் என்று ஓட்டுப் போடும். யாராவது திருத்துவார்கள் என்று சுற்றிப் பார்த்தேன். யாரும் அசையவில்லை.

"ரெண்டு மடங்கு," என்றாள் மறுபடி, நிதானமாக. "படிச்சவங்க யாரும் இதை மறுக்க முடியாது."

மிட்டாயைக் கடித்து உடைத்து விழுங்கினேன். ராய்ஸ் கிள்ளினார். நன்றாகவே கிள்ளினார். அந்த வலியில்தான் இன்னும் வேகமாக எழுந்தேன்.

"தலைவரே, அது தப்பு."

எங்கள் கூட்டத்தில் யாரும் யாரோடும் நேராகப் பேசக்கூடாது. நடத்துபவரைத் 'தலைவரே' என்று கூப்பிட்டு, அவர் வழியாகத்தான் பேசவேண்டும். புருஷன் பெண்டாட்டியானாலும் அதே விதி.

"தலைவரே," என்றாள் டெல்ஃபீன், "என்ன தப்புன்னு அவரைச் சொல்லச் சொல்லுங்க."

"தலைவரே, அந்த அம்மாவுக்கு வரின்னா என்னன்னே தெரியலன்னு சொல்லுங்க."

"தலைவரே, வாயால சொன்னா யாருக்கும் புரியாது. முன்னாடி வந்து காட்டச் சொல்லுங்க."

"ரெண்டு பேரும் வீட்டுல இப்படித்தான் பேசிக்குவீங்களா?" என்றார் ஆரின்.

"வீட்டுல தலைவர் கிடையாது," என்றேன்.

"இருக்காங்க," என்றாள் அவள். பின்வரிசைப் பெண்கள் சிரித்தார்கள்.

நான் முன்னால் போனேன். கத்தியை எடுத்தேன்.

"ஊரோட செலவு இந்தப் பை. இதை நாம எல்லாரும் பங்கு போட்டுக் கட்டறோம். எல்லார் வீட்டு விலையும் ஒரே மாதிரி ரெண்டு மடங்கு ஏறினா பை பெரிசாகுமா? ஆகாது. உங்க துண்டும் அதே துண்டுதான்."

"அப்ப எதுக்குய்யா புது மதிப்பு?" என்று கேட்டார் கூம்ப்ஸ்.

"வெட்டற கோடு தப்பா விழுந்திருக்கே, ஐயா. ஏரிக்கரைல மாளிகை கட்டினவங்க வீட்டுக்கு இன்னும் பழைய விலை. அவங்க துண்டு இவ்வளவுதான்." நூல் கனத்துக்கு ஒன்று வெட்டிக் காட்டினேன். "விலை ஏறாத உங்க வீட்டுக்கு இந்தப் பெரிய துண்டு. அவங்க கட்டவேண்டியதையும் சேத்து நீங்க கட்டறீங்க."

கூம்ப்ஸ் பெரியவர் எழுந்து நின்று துண்டுகளைப் பார்த்தார். "இத்தனை வருஷத்துல இதை ஒருத்தனும் எனக்குச் சொல்லல," என்றார்.

கை தட்டினார்கள். வாழ்நாளில் எனக்காக யாரும் கை தட்டியதில்லை. அங்கே நிறுத்தியிருக்கலாம்.

"அரசாங்கம் நம்மளை ஏமாத்துதுன்னு கடையில உக்காந்து திட்டறோம்," என்றேன். "அரசாங்கம் யாரு? இந்த அரங்குல இருக்கிற நாமதான். கேள்வி கேக்க ஒரு நேர்மையான ஆள் முன்வரலைன்னா, தப்பு நம்மகிட்டதான்."

சொல்லி முடித்தபோதுதான் அமைதி எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்று கவனித்தேன். எல்லார் முகத்திலும் ஒரே சந்தோஷம். இதே சந்தோஷத்தைத்தான் முட்டை வாங்க வந்து அப்பாவுக்கு வாழ்த்துச் சொன்னவர் முகத்திலும் அன்று பார்த்தேன்.

"ஆல்டனை முன்மொழியறேன்," என்றது ஒரு குரல்.

ராய்ஸ்.

"ராய்ஸ் அண்ணே, நீங்களா?"

"மன்னிச்சுக்கோ தம்பி. ஆரின் அடுத்து என்னைத்தான் பாத்தாரு."

"வழிமொழியறேன்," என்றார் கூம்ப்ஸ். அவர் வழிமொழிந்ததும் எனக்கு எல்லா வழியும் அடைத்தது.

"மறுக்கிறதா இருந்தா காரணம் சொல்லலாம்," என்றார் ஆரின்.

நேரம் இல்லை என்று சொல்லலாம். குளிர்காலம் முழுக்க உறைந்த ஏரியில் துளை போட்டு மீனுக்காக உட்கார்ந்திருந்ததை ஊரே பார்த்திருக்கிறது. உடம்பு சரியில்லை என்று சொல்லலாம். எனக்குப் பொய் வராது.

"எனக்கு இந்த விஷயம்..." என்று ஆரம்பித்தேன். கையில் கத்தி இருந்தது. எதிரில், அவ்வளவு துல்லியமாக வெட்டப்பட்ட பை இருந்தது. "...ஒண்ணும் தெரியாது" என்று எப்படி முடிப்பேன்?

"ஆதரிக்கிறவங்க ஆம்னு சொல்லுங்க."

ஊர் சொன்ன 'ஆம்' சத்தத்தில் கூரைப் பனி சரிந்து விழுந்தது.

"எதிர்க்கிறவங்க?"

என் வாயில் அப்போது பார்த்து, கடைவாய்ப் பல்லில் மிச்சமிருந்த மிட்டாய் ஒட்டிக்கொண்டது.

வீடு திரும்பும்போது சேற்றில் வண்டி தடுமாறியது. உணவுக்கடையில் காலியாகப் போகும் மேசை கண்முன் வந்தது. டெல்ஃபீன் மடியில் காலிப் பைத் தட்டு. தனக்குத்தான் முதல் துண்டு என்று கூம்ப்ஸ் சண்டை போட்டுத் தின்றிருந்தார்.

"நீ சத்தியம் பண்ணினே," என்றேன் கடைசியில்.

"உன் பேரை நான் சொன்னேனா?"

யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை. அவர் என்றுதான் சொன்னாள். இப்போது அவள் குரல் கொஞ்சம் தளர்ந்திருந்தது. அந்தக் குளியலறை முணுமுணுப்பு நினைவுக்கு வந்தது. எனக்கு மனசு இளகியது. ஊர் முன்னால் தன் மனைவியை முட்டாளாக்கியவன் நான். அவள் எவ்வளவு வெட்கப்பட்டிருப்பாள்.

"விடு, டெல்ஃபீன். பதட்டத்துல யாருக்கும் கணக்குத் தப்பும். வேணும்னா அடுத்த வருஷம் நான் முன்னாடியே உனக்குச் சொல்லித்தர்றேன்."

அவள் தட்டை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். தட்டுக்குப் பின்னாலிருந்து அதே தொண்டை அடைக்கும் சத்தம் வந்தது. வெகுநேரம் வந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"அந்த ரெண்டு மடங்குக் கணக்கைச் சிரிக்காமச் சொல்லப் பழகவே எனக்கு மூணு வாரம் ஆச்சுப்பா."