பெயர் எழுதாவிட்டால் எடுத்துக்கொள்ளும் கொம்பைலர் அக்கா

கண்டி நகரத்தில் பெயர் எழுதாத பொருளை நம்பி வைக்க முடியாத ஒரே இடம் எங்கள் ஒஃபிஸ்தான். திருடர் யாரும் இல்லை. கொம்பைலர் அக்கா இருந்தார், அவ்வளவுதான்.

மஹய்யாவயிலிருந்து நடந்தே வருவார். சொந்தப் பெயரை நாங்கள் எல்லோரும் எப்போதோ மறந்துவிட்டோம். நாம் எழுதும் புரோகிராமைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தருகிற மென்பொருள்தான் கொம்பைலர். புரோகிராமுக்குள் ஒரு பொருளில் இருப்பதை இன்னொன்றுக்குக் கொடுக்கும்போது அது இரண்டில் ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கும். பொருளுக்குப் பெயர் இருந்தால் பிறகும் யாராவது தேடி வரலாம், ஆகவே நகல் எடுக்கும். பெயரில்லாத தற்காலிகப் பொருள் என்றால் உள்ளே இருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளும். அக்கா இதை வாழ்க்கைக்கே சட்டமாக்கிவிட்டார்.

மனேஜர் ஒருநாள் பெயர் எழுதாமல் வைத்த சோற்றுப் பார்சலை அக்கா சாப்பிட்டு முடித்துக் கையும் கழுவிவிட்டார். மறுநாள் மனேஜர் கொட்டை எழுத்தில் பெயர் எழுதி வைத்தார். அக்கா தொடவில்லை. மனேஜரின் மனைவிக்குப் போன் எடுத்து, அதில் இருந்த பலாக்காய்க் கறியை எப்படி வைப்பது என்று கேட்டு, அடுத்த நாள் அதே கறியோடு வந்து நின்றார். மழைக்காலத்தில் எங்கள் குடைகளில் எல்லாம் பெயர் தொங்கும், பாலர் வகுப்பு மாதிரி.

நான் சேர்ந்து, வேலை நிரந்தரமாகுமா ஆகாதா என்று தெரியாமல் இருந்த நேரம். தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்கு, கொழுந்தின் படங்களைப் பார்த்துத் தரம் பிரிக்கும் புரோகிராம் எழுதியிருந்தேன். பிற்பகல் அவர்கள் பார்க்க வருகிறார்கள். காலையில் ஓடவிட்டால் ஆமை வேகம்! இது சரிவராவிட்டால் உங்களை வைத்திருப்பது கஷ்டம் என்று மனேஜர் நேராகவே சொல்லிவிட்டார். அம்பிட்டியவில் எங்கள் வீட்டுக்குச் சம்பளம் என்று வருவது என்னுடையது மட்டும்தான்.

படங்கள் பெரியவை, நகல் எடுத்தால் நேரம் பிடிக்கும் என்று எனக்கும் தெரியும். அதனால்தான் பெயருள்ள படத்தையும் எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுக்கிற ‘மூவ்’ என்ற சொல்லை இடத்துக்கு இடம் எழுதியிருந்தேன். அக்கா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து திரையை முறைத்தார்.

“படத்துக்கு முன்னால ‘கொன்ஸ்ட்’னு போட்டிருக்கியே, ஏன்?”

யாரும் தவறுதலாக அதை மாற்றிவிடக்கூடாதே என்ற பயம் என்றேன்.

“மாத்தக்கூடாதுன்னும் சொல்ற, உள்ள இருக்கிறத எடுத்துக்கன்னும் சொல்ற. எடுத்தா அது மாறிப்போயிரும்ல? அதான் நகல் எடுக்குது.”

அதை வாயைத் திறந்து சொன்னால் என்ன இந்தக் கொம்பைலருக்கு என்று அழாக்குறையாகக் கேட்டேன்.

“நகல் எடுக்க ஒரு தடையும் இல்லையே. சட்டப்படி ஒரு வழி இருந்தா அது பாட்டுக்கு அதுல போயிரும்.”

‘கொன்ஸ்ட்’ என்ற அந்தச் சொல்லை அழித்தோம். புரோகிராம் பறந்தது. பிற்பகல் வந்தவர்கள் இன்னொரு தடவை ஓட்டிக்காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, அங்கேயே சம்மதித்துவிட்டார்கள்.

மனேஜர் அக்காவைப் பார்த்து, நல்லவேளை நீங்கள் இருந்தீர்கள் என்றார். அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது.

“நான் ஒரு சொல்லைத்தான் அழிச்சேன் சேர். மத்தது பூராவும் இந்தப் புள்ள எழுதினது.”

அன்று மாலையே என் வேலை நிரந்தரமானது. அம்மாவுக்குச் சொல்லப் போனைக் கையில் எடுத்தவள், அதை மேசையில் போட்டுவிட்டு முதலில் அக்காவிடம்தான் ஓடினேன். அம்மாவுக்கு அதில் இன்னும் கோபம்.