ஏழுபூட்டு மாமா ஃபயர்வால் போட்ட கதை

காஞ்சிபுரத்தில் காமாட்சியம்மனைத் தவிர வேறு யாரையும் நம்பாத மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் எதிர்வீட்டில் குடியிருந்தார். அம்மனை நம்பினாரே ஒழிய, அம்மன் கோயில் வாசலை நம்பவில்லை. சைக்கிள் சீட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் சன்னிதிக்குள் போவார். அர்ச்சகர் குங்குமம் கொடுத்தால் ஒரு கையால்தான் வாங்குவார். இன்னொரு கைக்கு வேலை இருக்கிறதே!

அவர் வீட்டுக் கதவில் ஐந்து பூட்டுதான் தொங்கியது. மீதி இரண்டை ஊர் சேர்த்து 'ஏழுபூட்டு' என்று பெயர் வைத்தது.

மனிதரை ஒரேயடியாகக் கிண்டல் செய்யவும் முடியாது. பட்டுப்புடவைக்கு பார்டர் டிசைன் போடுவது அவர் தொழில். கிராஃப் தாளில் வரைந்துகொண்டிருந்த காலத்தில், மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு அன்னப்பட்சி பார்டர் போட்டார். அது தறியில் ஏறுவதற்கு முன்பே வேறொரு ஜவுளிக்கடையின் பொம்மை மேல் ஏறியிருந்தது. சுட்டது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. தெரியாத காரணத்தால் ஊரில் அத்தனை பேரையும் சந்தேகப்பட்டார். பாரபட்சமே கிடையாது.

அதற்கப்புறம்தான் கம்ப்யூட்டர் வாங்கினார். அது இருந்த அறைக்குள் அவரைத் தவிர ஈ, எறும்புக்கும் அனுமதி இல்லை. அவர் மனைவி விசாலம் அத்தைகூட காபியை வாசற்படியில் வைத்துவிட்டு, "காபி" என்று குரல் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

நான் அப்போது காந்தி ரோடு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்த்தேன். ஒரு நாள் மாமா உள்ளே வந்தார். இடமும் வலமும் பார்த்தார். என் காதருகே குனிந்தார்.

"ஏம்பா, உள்ள ஆள் பூந்துட்டான்."

"ஐயோ! போலீஸ்ல சொன்னீங்களா மாமா?"

"வூட்டுக்குள்ள இல்லப்பா. கம்ப்யூட்டருக்குள்ள."

யாரோ ஒரு புடவைக்கடைக்காரர் கொடுத்த ஃபிளாப்பியைப் போட்டிருக்கிறார். அதிலிருந்து வைரஸ் இறங்கிவிட்டது. ஆன்டிவைரஸ் போட வேண்டும் என்றேன். பெண் பார்க்க வந்தவரைப் போல விசாரணையை ஆரம்பித்தார்.

"இத்த செஞ்சவன் எந்த ஊரு?"

"வெளிநாட்டுக் கம்பெனி மாமா."

"அவன் எம் பார்டர எட்டிப் பாக்கமாட்டான்னு இன்னா நிச்சயம்?"

"அவனுக்கு எதுக்கு மாமா உங்க பார்டர்?"

"அன்னப்பட்சியத் தூக்கினவன்கூட அப்டித்தான்பா கேட்டிருப்பான்."

கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் போட்டுவிட்டு வந்தேன். வைரஸ் ஒழிந்தது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, மறுபடி வந்து நின்றார். கம்ப்யூட்டர் மாடு மாதிரிப் படுத்துவிட்டதாம். போய்ப் பார்த்தால், எனக்குத் தெரியாமல் இன்னொரு ஆன்டிவைரஸை வாங்கி ஏற்றியிருக்கிறார்.

"எதுக்கு மாமா ரெண்டு?"

"ஒருத்தன் காவல் காக்கட்டும். இன்னொருத்தன் அவனக் கவனிக்கட்டும்."

கவனித்திருக்கிறார்கள். முதலாமவன் இரண்டாமவனை வைரஸ் என்று பிடித்து அடைத்திருந்தான். இரண்டாமவன் முதலாமவனின் ஃபைல்களைத் தின்றுகொண்டிருந்தான். இந்தச் சண்டையில் மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி மறுநாள்தான் நகரும் போலிருந்தது. ஒரு மெஷினுக்கு ஒரு ஆன்டிவைரஸ்தான், அதையும் தினம் இன்டர்நெட்டில் அப்டேட் பண்ண வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

"அப்டேட்டுன்னா?"

"புதுசா வந்த வைரஸ் எதெதுன்னு அது வெளிய போய்த் தெரிஞ்சிக்கினு வரும்."

"அது போய் வர்றதுக்கு நான் கதவத் தொறந்து வைக்கணுமா!"

அங்கேதான் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். கதவில் நின்று ஒவ்வொருத்தரையும் விசாரித்து விடுவதற்கென்றே ஃபயர்வால் என்று ஒன்று இருக்கிறது என்றேன். மாமா முகத்தில் வந்த வெளிச்சத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எந்தப் புரோகிராம் நெட்டைத் தொடப் போனாலும் 'அனுமதிக்கவா, தடுக்கவா?' என்று திரையில் கேட்கும். வாழ்நாளில் முதல்முறையாக அவரைக் கேட்டுவிட்டு நடக்கிற ஒரு ஜீவன் அகப்பட்டுவிட்டது. 'தடு', 'தடு', 'தடு' என்று அமுக்கித் தள்ளினார். ஆன்டிவைரஸின் அப்டேட்டையும் தடுத்தார். கம்ப்யூட்டர் கடிகாரம் சரியான நேரத்தைக் கேட்டு வெளியே போகப் பார்த்திருக்கிறது, அதற்கும் தடா.

"ஒருத்தன் மணி கேட்டுக்கினு இருந்தான்பா. எதுக்குக் கேக்கறான்? நான் எப்ப வூட்ல இல்லன்னு தெரிஞ்சிக்கத்தான?"

இந்தக் கூத்து இப்படியே ஓடியிருக்கும், அவர் மகள் தேவி அக்காவுக்கு மஸ்கட்டில் குழந்தை பிறக்காமல் இருந்திருந்தால். ஊரில் பிராட்பேண்ட் வந்த புதுசு. "அப்பா, கேமரா வாங்கி மாட்டுங்க, பாப்பாவக் காட்டறேன்" என்று அக்கா போனில் சொல்ல, கேமராவும் வந்துவிட்டது. ஆனால் அக்கா எப்போது கூப்பிட்டாலும் இணைப்பு மட்டும் கிடைக்கவில்லை. தினமும் புதுப்புடவை கட்டிக்கொண்டு அறை வாசலில் காத்திருந்த விசாலம் அத்தை, பொறுத்துப் பார்த்துவிட்டு நேராக எங்கள் கடைக்கே வந்துவிட்டார்.

"தம்பி, அந்தாளு எம் பேத்தியவே வைரஸுன்னு தொரத்தறாரு. நீ வந்து கேளு. இல்லன்னா அந்தப் பொட்டியத் தூக்கிப் போயி வேகவதி ஆத்துல போட்டுடுவேன்."

ஓடினேன். மாமா திரை முன்னால் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் போன், அதில் தேவி அக்கா. திரையில் ஃபயர்வால் கேட்டுக்கொண்டிருந்தது: அனுமதிக்கவா, தடுக்கவா?

"அப்பா, 'அனுமதி'ய அமுக்குப்பா!"

"இரு. நீதான்னு எப்டித் தெரியும்? சின்ன வயசுல நீ எந்தத் தறிக்குழில உழுந்த?"

"நான் எங்கப்பா உழுந்தேன்? குனிஞ்சி பாவு நூல எண்ணிக்கினு இருந்த நீதான் உழுந்த! அம்மாதான் தூக்கி உட்டுச்சி!"

வாசலில் நின்ற அத்தை, "ஆமா, இடுப்புல தைலம்கூட தேச்சேன்" என்றார். மாமா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். "இவதான்" என்று முணுமுணுத்துவிட்டு அமுக்கினார்.

படம் விட்டு விட்டு வந்தது. முதலில் ஒரு தலையணை. பிறகு ஒரு குட்டிக் கை. பிறகு கொட்டாவி விடும் ஒரு வாய். அத்தை தடையை எல்லாம் மறந்து அறைக்குள் ஓடிவந்துவிட்டார். மாமா அதைக் கவனிக்கவே இல்லை. திடீரென்று எழுந்து பீரோவைத் திறந்து ஒரு தாளை உருவினார். யாருக்கும் காட்டாத டிசைன். வாத்துக் குஞ்சுகள் வரிசையாக நடந்து போகும் ஒரு பார்டர். கடைசிக் குஞ்சு மட்டும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தார்.

"பாப்பா, இது ஒனக்குத்தான்டா. பாவாடைக்கு. வயலெட்டுல நெய்யச் சொல்றன்."

நான் குறுக்கே புகுந்தேன். "மாமா, நெட்டுல காட்றீங்க. யாராவது பாத்துட்டா?"

"பாத்தா பாக்கட்டும்பா" என்றார். தாளை இன்னும் கொஞ்சம் கேமராவுக்குப் பக்கத்தில் நீட்டினார்.

இணைப்பு அறுந்ததும் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். மாமா சட்டையை மாட்டினார். "ஸ்வீட் வாங்கியாரன், இரு" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார். பீரோ திறந்து கிடந்தது. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஆயுசு முழுக்கப் போட்ட டிசைனெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்.

ஒன்றையும் தொடாமல், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மாமா வரும்வரை நான் காவல் இருந்தேன்.